ஞானத் தராசு: நீரில் மிதத்தலின் விதியும் நேர்மையான நிறுவையின் வரலாறும்

அளவையிலும் நிறுவையிலும் நேர்மை பேண வேண்டும் என்பது நம் பிள்ளைகளுக்கு மக்தப் பருவத்திலிருந்தே கற்பிக்கப்படும் பாடமாகும். நிறுவையில் மோசடி செய்வோரின் பெயராலேயே திருமறையில் ஓர் அத்தியாயம் அமைந்திருப்பதையும், 'மீஸான்' எனும் தராசு நீதியின் அடையாளமாகத் திருமறையில் பேசப்படுவதையும் நாம் அறிவோம்.

ஆனால் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. தராசின் முள் நேராக நிற்கிறது; எடைக்கற்களும் சரியானவை; தட்டில் வைக்கப்பட்ட தங்கம் மட்டும் கலப்படமானது என்றால் என்ன செய்வது? நூறு கழஞ்சு தங்கத்தை வாங்கிக்கொண்டு, அதில் முப்பது கழஞ்சை எடுத்துவிட்டு, அதே எடைக்கு வெள்ளியைக் கலந்து கொடுத்தால் தராசு அதைக் காட்டிக்கொடுக்காது. உரைகல்லில் உரசிப் பார்க்கலாம். ஆனால் உரைகல் மேற்பரப்பைத்தான் சொல்லும், உள்ளே இருப்பதைச் சொல்லாது. உருக்கிப் பார்க்கலாம், ஆனால் வேலைப்பாடு மிக்க நகை அதோடு அழிந்துவிடும்.

பொருளை உடைக்காமலும் உருக்காமலும் உள்ளிருப்பதை அறிய வழி உண்டா எனும் இக்கேள்விக்கு மனிதகுலம் தண்ணீரில்தான் விடை கண்டது. அந்த விடை கிரேக்க மண்ணில் தோன்றி, பக்தாதில் அரபி உடை உடுத்து, குராசானில் முழுமை பெற்ற வரலாற்றை ஜமாஅத்தார் அனைவரும் அறிந்துகொள்ளும் பொருட்டு இக்கட்டுரை எழுதப்படுகிறது. இதில் அறிவியல் உண்டு. அதனினும் மேலாக, நீதிக்கான ஒரு கருவியை உருவாக்கியவர்களும் அதை உடைத்தவர்களும் உண்டு.

பொருள்கள் மூழ்குவதும் மிதப்பதும் ஏன்?

கிணற்றில் நீர் இறைத்தவர்கள் யாவரும் இதை உணர்ந்திருப்பர். வாளி நீருக்குள் இருக்கும்வரை கயிறு இலேசாக வருகிறது. வாளி நீர்மட்டத்தை விட்டு மேலே வந்ததும் கை கனக்கிறது. வாளியும் அதிலுள்ள நீரும் மாறவில்லை. நீருக்குள் இருந்தபோது கிணற்று நீரே அதன் பாரத்தில் ஒரு பங்கைத் தாங்கிக்கொண்டிருந்தது என்பதே காரணம்.

இவ்வாறு நீர் மேல்நோக்கித் தாங்குவது எதனால்? ஆழம் கூடக் கூட நீரின் அழுத்தம் கூடுகிறது. பத்து சென்டிமீட்டர் நீளம், அகலம், உயரம் கொண்ட ஒரு கனசதுரக் கட்டியை நீரில் முழுவதும் அமிழ்த்துவதாகக் கொள்வோம். பக்கவாட்டில் நான்கு புறமும் நீர் அழுத்துகிறது. எதிரெதிர்ப் பக்கங்களின் அழுத்தம் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகிறது. மேற்பக்கத்தை நீர் கீழ்நோக்கி அழுத்துகிறது. அடிப்பக்கத்தை மேல்நோக்கி அழுத்துகிறது. அடிப்பக்கம் பத்து சென்டிமீட்டர் கூடுதல் ஆழத்தில் இருப்பதால் அங்கே அழுத்தம் அதிகம். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கிட்டால், அது சரியாக ஒரு லிட்டர் நீரின் எடைக்கு, அதாவது ஒரு கிலோவுக்குச் சமமாகிறது. அக்கட்டி விலக்கிய நீரின் அளவும் அதே ஒரு லிட்டர்தான்.

ஆகவே, நீரில் அமிழும் எப்பொருளும் தான் விலக்கிய நீரின் எடை அளவுக்குத் தன் எடையில் குறைந்து தோன்றும். இதுவே மிதத்தலின் விதி. மேற்சொன்ன கட்டி இரும்பாக இருந்தால் அதன் எடை ஏறத்தாழ 7.8 கிலோ, நீர் தாங்குவதோ ஒரு கிலோ, எனவே அது மூழ்கும். அதே கட்டி 600 கிராம் எடையுள்ள மரமாக இருந்தால் நீரின் தாங்கும் விசை அதன் எடையை மிஞ்சும். கட்டி மேலெழுந்து, 600 கிராம் நீரை மட்டும் விலக்கும் அளவுக்கு அமிழ்ந்து நிற்கும்.

இரும்புக் கப்பல் மிதப்பதும் இவ்வாறே. அதன் உடல் இரும்பு என்றாலும் அதன் வயிறு பெரிது. உள்ளே காற்றும் சரக்கும் உள்ளன. தன் மொத்த எடைக்குச் சமமான நீரை விலக்கும் அளவுக்கு அது அமிழ்ந்து, அங்கே நின்றுவிடுகிறது. ஒரு லிட்டர் நன்னீர் ஒரு கிலோ எடையென்றால், ஒரு லிட்டர் கடல்நீர் ஏறத்தாழ 1.025 கிலோ இருக்கும். எனவே கடலிலிருந்து ஆற்று முகத்துவாரத்திற்குள் வரும் கப்பல், சரக்கு ஏற்றாமலேயே சற்றுக் கூடுதலாக அமிழும்.

ஸிரக்யூஸ் மன்னரின் மகுடம்

இவ்விதியை முதன்முதலில் நிறுவியவர் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் ஸிஸிலித் தீவின் ஸிரக்யூஸ் நகரில் வாழ்ந்த ஆர்க்கிமிடீஸ் ஆவார். அவர் கி.மு. 212இல் உரோமர் அந்நகரைக் கைப்பற்றியபோது கொல்லப்பட்டார். மிதக்கும் பொருள்களைப் பற்றி இரண்டு பாகங்கள் கொண்ட நூலொன்றை அவர் இயற்றினார்.

மன்னர் ஹீரோன் செய்வித்த பொன் மகுடத்தில் வெள்ளி கலந்திருப்பதாக ஐயம் எழுந்ததும், குளிக்கும் தொட்டியில் நீர் வழிவதைக் கண்ட ஆர்க்கிமிடீஸ் விடை கண்டு தெருவில் ஓடியதும் பாடநூல்களில் நாம் படித்த கதை. இக்கதை ஆர்க்கிமிடீஸின் நூல்களில் இல்லை. ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்குப் பின் வாழ்ந்த விட்ருவியஸ் எனும் உரோமானியக் கட்டடக் கலைஞர் எழுதியது அது. மகுடத்தை நிரம்பிய பாத்திரத்தில் இட்டு, வழிந்த நீரை அளந்து உண்மை கண்டதாக அவர் கூறுகிறார்.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. ஒரு கிலோ எடையுள்ள தூய தங்கத்தின் கன அளவு ஏறத்தாழ 52 கன சென்டிமீட்டர். அதில் 300 கிராம் தங்கத்திற்குப் பதில் வெள்ளி கலந்திருந்தால் கன அளவு ஏறத்தாழ 65 ஆகும். வேறுபாடு 13 கன சென்டிமீட்டர். இருபது சென்டிமீட்டர் விட்டமுள்ள பாத்திரத்தில் இந்த 13 கன சென்டிமீட்டர் நீர்மட்டத்தில் ஏற்படுத்தும் மாற்றம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. கண்ணால் பார்த்து ஒருவரைத் திருடன் எனத் தீர்ப்பளிக்க இது போதாது.

ஆனால் அதே 13 கன சென்டிமீட்டரைத் தராசில் வைத்துப் பார்த்தால் நிலைமை வேறு. தூய தங்கத்தையும் மகுடத்தையும் சமமாக நிறுத்து, தட்டுகள் இரண்டையும் நீரில் அமிழ்த்தினால், மகுடத்தின் பக்கம் 13 கிராம் இலேசாகிவிடும். சாதாரணத் தராசு கூட இதைக் காட்டிவிடும். எனவே உண்மையைச் சொல்ல வல்லது தொட்டி அன்று, நீருக்குள் தொங்கும் தராசே. இக்கருத்தை இத்தாலியின் கலீலியோ தம் இளமையில், 1586இல், ஒரு சிறு கட்டுரையாக எழுதினார். ஆனால் அதற்கு 465 ஆண்டுகளுக்கு முன்பே, மத்திய ஆசியாவில், இத்தகைய தராசைப் பற்றி ஒரு முழு நூலே எழுதப்பட்டுவிட்டது.

பக்தாதிலிருந்து குவாரிஸம் வரை

கலீஃபா மஃமூனின் ஆட்சிக் காலத்தில் (813–833) கிரேக்க நூல்கள் பல அரபிக்கு வந்தன. ஆர்க்கிமிடீஸின் மிதத்தல் நூல் முழுமையாக அன்றிச் சுருக்கமாகவே அரபியில் வழங்கியது. அந்தச் சிறு விதையைக் கொண்டே அறிஞர்கள் பயிர் செய்தனர். மஃமூனின் காலத்து வானியலாளர் ஸனத் இப்னு அலீ, மருத்துவ மேதை முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்ராஸீ ஆகியோர் நீர்த்தராசைப் பற்றிச் சிந்தித்தவர்கள். மருத்துவ உலகின் பேரறிஞர் இப்னு ஸீனாவின் பெயரும் இவ்வரிசையில் உண்டு.

இவர்களுள் அளவீட்டின் துல்லியத்தால் தனித்து நிற்பவர் குவாரிஸம் நாட்டில் 973இல் பிறந்த அபூ ரைஹான் அல்பீரூனி ஆவார். இந்தியாவைப் பற்றி அவர் எழுதிய பெருநூலால் நம் நாட்டிலும் அவர் நன்கு அறியப்பட்டவர். பக்கத்தில் வளைந்த மெல்லிய குழாய் பொருத்திய கூம்பு வடிவப் பாத்திரம் ஒன்றை அவர் அமைத்தார். பாத்திரத்தில் குழாய்மட்டம் வரை நீர் நிரப்பி, நிறுத்தெடுத்த உலோகத்தை உள்ளே இட்டால், அதன் கன அளவுக்குச் சமமான நீர் குழாய் வழியே வெளியேறி ஒரு தராசுத் தட்டில் விழும். அந்நீரை அவர் கண்ணால் அளக்காமல் நிறுத்து அறிந்தார். நூறு மித்கால் எடையுள்ள தங்கம், பாதரசம், ஈயம், வெள்ளி, செம்பு, இரும்பு, வெள்ளீயம் ஆகியவை ஒவ்வொன்றும் எவ்வளவு நீரை வெளியேற்றுகின்றன எனப் பட்டியலிட்டார். மாணிக்கம், மரகதம், முத்து முதலியவற்றுக்கும் அவ்வாறே செய்தார்.

நீர் எங்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வெந்நீரும் தண்ணீரும், ஆற்று நீரும் உப்பு நீரும் எடையில் வேறுபடும். எனவே எந்த ஊரில், எந்த ஆற்றின் நீரில், எந்தப் பருவத்தில் அளக்கப்பட்டது என்பதும் சேர்த்தே குறிக்கப்பட்டது. ஜைஹூன் ஆற்று நீர் இதற்குப் பயன்பட்டது.

பின்வந்த நூலில் காணப்படும் அளவுகளை இன்றைய முறைக்கு மாற்றிப் பார்த்தால், நீரைப் போல் தங்கம் 19.05 மடங்கும், பாதரசம் 13.56 மடங்கும், ஈயம் 11.32 மடங்கும், இரும்பு 7.74 மடங்கும் எடையுள்ளவை எனக் கிடைக்கிறது. இன்றைய ஆய்வுக்கூடங்கள் தரும் அளவுகள் முறையே 19.3, 13.55, 11.35, 7.87 ஆகும். மின்சாரமோ வெப்பமானியோ இல்லாத காலத்தில் எடுக்கப்பட்ட அளவுகள் இவை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ருபாய்யாத் பாடல்களால் உலகப் புகழ்பெற்ற உமர் கய்யாமும் இத்துறையில் உழைத்தவரே. தங்கமும் வெள்ளியும் கலந்த ஒரு பொருளில் எது எவ்வளவு எனக் கண்டறியும் முறை பற்றி அவர் ஒரு சிற்றேடு எழுதினார். அம்முறையை மேற்கண்ட மகுடத்தைக் கொண்டே விளக்கலாம். ஒரு கிலோ தங்கம் நீரில் இழக்கும் எடை 52 கிராம். ஒரு கிலோ வெள்ளி இழப்பது 95 கிராம். மகுடம் இழப்பது 65 கிராம். 52க்கும் 95க்கும் இடைப்பட்ட தொலைவு 43. மகுடம் அத்தொலைவில் 13 அளவு வந்திருக்கிறது. 13ஐ 43ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.30. அதாவது மகுடத்தில் நூற்றுக்கு முப்பது பங்கு வெள்ளி. மகுடத்தில் ஒரு கீறலும் விழவில்லை. கணக்கு மட்டும் தெளிவாகிவிட்டது.

உடைக்கப்பட்ட தராசு

உமர் கய்யாமின் சமகாலத்தவர் அபூ ஹாதிம் அல்முழஃப்பர் அல்இஸ்ஃபிஸாரீ. ஸல்ஜூக்கியச் சுல்தான் மலிக்‌ஷாஹ் நாள்காட்டியைச் சீர்செய்ய அமர்த்திய வானியலாளர் குழுவில் இருவரும் இருந்தனர். இஸ்ஃபிஸாரீ தம் வாழ்நாளில் நீண்ட காலத்தை ஒரு தராசுக்காகச் செலவிட்டார். தட்டுகளை நகர்த்தி வைக்கக்கூடிய அமைப்பைச் சேர்த்து, உலோகங்களின் தூய்மையையும் கலப்பையும் காட்டும் கருவியாக அதை வளர்த்தார். அதற்கு 'மீஸானுல் ஹிக்மா', அதாவது 'ஞானத் தராசு' எனப் பெயரிட்டவரும் அவரே.

அவருக்கு நேர்ந்ததை 12ஆம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் ழஹீருத்தீன் அல்பைஹகீ பதிவு செய்துள்ளார். தராசு சுல்தானின் கருவூலத்திற்குச் சென்றது. கருவூலத்தின் பொறுப்பாளருக்கு அது மகிழ்ச்சியளிக்கவில்லை. இக்கருவி இயங்கத் தொடங்கினால் தம் கையாடல் வெளிப்பட்டுவிடும் என அவர் அஞ்சினார். தராசை உடைத்து அதன் பாகங்களைச் சிதறடித்துவிட்டார். செய்தி கேட்ட இஸ்ஃபிஸாரீ நோயுற்று, அந்த மனவேதனையிலேயே இறந்துபோனார்.

தவறு செய்பவர் தராசைக் கண்டு அஞ்சுவது வியப்பன்று. ஓர் அறிஞரின் பல்லாண்டு உழைப்பைச் சில நொடிகளில் அழிக்கும் அதிகாரம் அவர் கையில் இருந்தது என்பதே வேதனைக்குரியது. தராசைப் பற்றிய தம் கருத்துகள் அனைத்தையும் இஸ்ஃபிஸாரீ எழுதி முடித்திருக்கவும் இல்லை.

காஸினின் அடிமை

அத்தராசு மீண்டும் எழுந்தது. அதை எழுப்பியவர் அபுல் ஃபத்ஹ் அப்துர் ரஹ்மான் அல்காஸினி. அவர் உரோம நாட்டு, அதாவது கிரேக்க வழியில் வந்த ஓர் அடிமை. மர்வ் நகரில் அவருக்கு எஜமானராக இருந்தவர் ஒரு காஸின். அதாவது கருவூலப் பொறுப்பாளர். நாம் 'கஜானா' என வழங்கும் சொல்லும் இச்சொல்லின் வேரிலிருந்து வந்ததே. அந்த எஜமானர் அவருக்குக் கணிதமும் தத்துவமும் கற்பித்தார். அதனால் அவர் பெயரே 'அல்காஸினி' என நிலைத்தது. ஒரு கருவூலப் பொறுப்பாளர் உடைத்த தராசை, மற்றொரு கருவூலப் பொறுப்பாளரால் கல்வி பெற்ற அடிமை மீண்டும் உருவாக்கினார்.

அல்காஸினியின் வாழ்க்கை மிக எளிமையானது. ஆண்டுக்கு மூன்று தீனார்களில் அவர் வாழ்ந்தார். ஓர் அமீரின் மனைவி ஆயிரம் தீனார்களை அன்பளிப்பாக அனுப்பியபோது அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். தம்மிடம் பத்துத் தீனார்கள் இருப்பதாகவும், வீட்டில் தம்மோடு இருப்பது ஒரு பூனை மட்டுமே என்பதால் அதுவே போதுமென்றும் அவர் காரணம் கூறியதாகப் பைஹகீ குறிப்பிடுகிறார். பொன்னின் தூய்மையைச் சோதிக்கும் கருவியை ஆக்கியவர் பொன்னின் மீது ஆசையற்றவராக இருந்தார் என்பது நம் கவனத்திற்குரியது.

ஹிஜ்ரி 515ஆம் ஆண்டில், அதாவது 1121இல், சுல்தான் ஸன்ஜரின் கருவூலத்திற்காக 'கிதாபு மீஸானில் ஹிக்மா' எனும் நூலை அவர் எழுதினார். எட்டுப் பகுதிகளைக் கொண்ட இந்நூல் நீதியைப் பற்றிய முன்னுரையோடு தொடங்குகிறது. தராசு என்பது வணிகக் கருவி மட்டுமன்று, மனிதரிடையே நீதியை நிலைநாட்டும் கருவி எனும் கருத்தே நூலின் வாயிற்படி.

அடுத்து அவர் செய்தது இன்னும் சிறப்பானது. இக்கலை தமக்கு யார் யார் வழியாக வந்தது என்பதைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டார். கிரேக்கரான ஆர்க்கிமிடீஸும் மெனலாஸும் அதில் உண்டு. ஸனத் இப்னு அலீ, ராஸீ, இப்னு ஸீனா, பீரூனி, உமர் கய்யாம் ஆகியோர் உண்டு. மனமுடைந்து இறந்த இஸ்ஃபிஸாரீயும் உண்டு. ஆர்க்கிமிடீஸின் கருத்துகளையும் கய்யாமின் முறையையும் அவரவர் பெயரிலேயே நூலில் சேர்த்தார். இஸ்ஃபிஸாரீ வைத்த பெயரையே தராசுக்கும் நூலுக்கும் நிலைக்கச் செய்தார். ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் வரிசையின் அருமையை அறிந்த நமக்கு இப்பண்பு புதியதன்று.

ஐந்து தட்டுகள்

அல்காஸினி விவரிக்கும் தராசுக்கு நீண்ட கோலும் ஐந்து தட்டுகளும் உண்டு. இரு முனைகளிலும் தொங்கும் தட்டுகள் வழக்கமான நிறுவைக்குரியவை. ஒரு முனைத் தட்டின் கீழ் மூன்றாவது தட்டு தொங்கி நீரில் அமிழும். எஞ்சிய இரண்டும் கோலின் மீது விரும்பிய இடத்துக்கு நகர்த்தக்கூடியவை. தங்கம், வெள்ளி முதலிய ஒவ்வோர் உலோகத்துக்கும் இரத்தினத்துக்கும் உரிய இடங்கள் கோலின் மீது புள்ளிகளாகக் குறிக்கப்பட்டிருந்தன. பொருளை நீர்த்தட்டில் வைத்து, நகரும் தட்டை உரிய புள்ளியில் நிறுத்தினால், தூய பொருளென்றால் கோல் சமமாக நிற்கும். கலப்பு இருந்தால் சாயும். சமநிலை கிடைக்கும் இடத்தைக் கொண்டு கலப்பின் விகிதத்தை அறியலாம். ஆயிரம் மித்கால் எடையில் ஒரு ஹப்பா, அதாவது ஒரு தானிய மணி அளவு வேறுபாட்டையும் இத்தராசு காட்டியது.

இரத்தினங்களுக்கும் இது பயன்பட்டது. நிறமூட்டிய கண்ணாடியை மாணிக்கம் என விற்போர் எக்காலத்தும் உண்டு. மாணிக்கம் நீரைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு எடையுள்ளது. சாதாரணக் கண்ணாடியோ இரண்டரை மடங்குதான். கண்ணை ஏமாற்றும் கண்ணாடி நீரை ஏமாற்ற இயலாது.

நீர் மட்டுமன்றிக் காற்றும் பொருள்களைச் சிறிதளவு தாங்குகிறது என அல்காஸினி எழுதியிருப்பது அறிவியல் வரலாற்றாளர் போற்றும் கருத்தாகும். நீர்மங்களின் அடர்த்தியை அறியும் மிதவைக் கருவி ஒன்றையும் அவர் விவரிக்கிறார். அதையும் தமது எனக் கூறாமல், அலெக்சாந்திரியாவின் பாப்பஸ் எனும் கிரேக்க அறிஞருடையது எனத் தெளிவாகக் குறிக்கிறார். இன்று பால் கொள்முதல் நிலையங்களில் பாலில் மிதக்கவிடப்படும் பால்மானி இவ்வினத்தைச் சேர்ந்ததே. பாலில் நீர் கலந்தால் அடர்த்தி குறைந்து மானி கூடுதலாக அமிழ்கிறது, விதி ஒன்றேதான்.

கருவியின் எல்லை

எந்தக் கருவிக்கும் எல்லை உண்டு என்பதையும் சொல்வதே நேர்மை. நீர்த்தராசு இரண்டு பொருள்களின் கலவையைத்தான் உறுதியாகப் பிரித்துச் சொல்லும். மூன்று உலோகங்கள் கலந்தால், பல விதக் கலவைகள் ஒரே அடர்த்தியைத் தரக்கூடும். 1783இல் பிரித்தெடுக்கப்பட்ட டங்ஸ்டன் எனும் உலோகத்தின் அடர்த்தி ஏறத்தாழத் தங்கத்துக்குச் சமம். தங்கக் கட்டியின் உள்ளே அதை மறைத்து வைத்தால் நீர்த்தராசு அதைக் கண்டறிய இயலாது. இன்று எக்ஸ் கதிர்ச் சோதனையும் உருக்கிப் பிரிக்கும் சோதனையும் மாற்று அறியப் பயன்படுகின்றன. நம் நாட்டில் தங்க நகைகளுக்கு ஹால்மார்க் முத்திரை 2021 ஜூன் முதல் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. கருவிகள் மாறினாலும் வாங்குபவர் ஏமாறக் கூடாது எனும் நோக்கம் மாறவில்லை.

நூல் நமக்குக் கிடைத்த வரலாறு

அல்காஸினி வாழ்ந்த மர்வ் நகரம் இன்றைய துர்க்மெனிஸ்தானில் உள்ளது. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு வந்த புவியியல் அறிஞர் யாகூத் அல்ஹமவீ, அந்நகரில் வக்ஃபு செய்யப்பட்ட பத்து நூலகங்கள் இருந்ததாகவும், அவற்றுள் இரண்டு ஜாமிஆ பள்ளிவாசலிலேயே இருந்ததாகவும் எழுதியுள்ளார். தம் இல்லத்தில் எப்போதும் இருநூறு நூல்களுக்குக் குறையாமல் இரவல் இருந்ததையும், பெரும்பாலானவற்றுக்கு ஈடு எதுவும் கேட்கப்படவில்லை என்பதையும் அவர் நன்றியோடு நினைவுகூர்கிறார். 1221இல் மங்கோலியப் படை அந்நகரை அழித்தது. நூலகங்களும் அழிந்தன. சுல்தான் ஸன்ஜரின் அடக்கத்தலம் இன்றும் அங்கே நிற்கிறது.

ஆயினும் ஞானத் தராசின் பிரதிகள் வேறு இடங்களில் தப்பிப் பிழைத்தன. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஈரானின் தப்ரீஸ் நகரில் ரஷ்யத் துணைத்தூதராக இருந்த நிக்கொலாய் கானிகோவ் ஒரு கையெழுத்துப் பிரதியைக் கண்டெடுத்தார். அதன் பகுதிகள் அரபி மூலத்தோடும் ஆங்கில மொழிபெயர்ப்போடும் அமெரிக்கக் கீழ்த்திசைக் கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்தபோதுதான் மேலை உலகம் அல்காஸினியை அறிந்தது.

வேறு பிரதிகள் நம் நாட்டிலேயே இருந்தன. பம்பாய் ஜும்மா மஸ்ஜிதின் நூலகத்தில் ஒரு பிரதி பாதுகாக்கப்பட்டிருந்தது. ஹைதராபாத்தில் மற்றொன்று இருந்தது. ஹைதராபாத்தின் தாயிரத்துல் மஆரிஃப் அல்உஸ்மானிய்யா நிறுவனம் ஹிஜ்ரி 1359இல், அதாவது 1940ஆம் ஆண்டளவில், இந்நூலை அரபியில் அச்சிட்டு வெளியிட்டது. ஒரு பள்ளிவாசலின் அலமாரி, மர்வ் நகரின் அறிவுச் செல்வத்தில் ஒன்றை நம் காலம்வரை காத்துத் தந்திருக்கிறது.

நாம் பெற வேண்டிய பாடம்

எல்லாவற்றையும் நம் முன்னோரே கண்டுபிடித்தனர் என மேடையில் முழங்குவது எளிது. அல்காஸினி அவ்வாறு முழங்கவில்லை. கிரேக்கருக்குரியதைக் கிரேக்கருக்கும், பீரூனிக்குரியதைப் பீரூனிக்கும், இஸ்ஃபிஸாரீக்குரியதை இஸ்ஃபிஸாரீக்கும் கொடுத்துவிட்டு, அதற்குமேல் தாம் சேர்த்ததை மட்டும் தமதாகச் சொன்னார். நிறுவையில் நேர்மையைப் பற்றி நூல் எழுதியவர், பிறர் உழைப்பை மதிப்பிடுவதிலும் அதே நேர்மையைக் கடைப்பிடித்தார். அறிவும் ஓர் அமானிதமே. அதைப் பெற்ற இடத்தை மறைப்பதும் நிறுவையில் குறைப்பதைப் போன்றதே.

நம் மஹல்லாவின் வணிகர்கள் தராசை ஆண்டுதோறும் முத்திரையிடச் செய்வதும், பொதுப்பணத்தைக் கையாள்வோர் தணிக்கையை விரும்பி ஏற்பதும் இவ்வரலாற்றின் தொடர்ச்சியே ஆகும். கணக்கைச் சரியாக வைத்திருப்பவருக்குத் தராசைக் கண்டு அச்சமில்லை. நம் பள்ளிவாசல்களிலும் பழைய இல்லங்களிலும் தூசு படிந்து கிடக்கும் அரபி, அர்வி ஏடுகளில் என்னென்ன உள்ளன எனப் பார்த்துப் பட்டியலிட்டு, கறையானிடமிருந்து காப்பதும் நம் கடமைகளுள் ஒன்றாகும். பம்பாயில் அந்த ஏட்டைக் காத்தவர்களின் பெயர்கள் நமக்கு வந்து சேரவில்லை. அவர்கள் காத்த நூல் வந்து சேர்ந்துவிட்டது.